ஃபோர்ஜேயோவில் உங்கள் முதல் வழுத்திருத்தம்

நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் ஒரு பொத்தான் தவறாக வேலை செய்தால் புகார் எழுதலாம், அவ்வளவுதான். அந்தத் தளத்தின் மூலநிரல் நம் கையில் இல்லை. ஃபோர்ஜேயோ அப்படியில்லை. நிரலைச் சேமித்து, பலரும் சேர்ந்து திருத்த உதவும் இந்தத் தளத்தின் ஒவ்வொரு வரியும் திறந்தே இருக்கிறது. வழு, அதாவது நிரலில் உள்ள குறை, கண்ணில் பட்டால் நாமே சரிசெய்து அனுப்பலாம்.

கதை சுருக்கமாக: 2014இல் கோக்ஸ் என்ற மென்பொருள் வந்தது. அதிலிருந்து 2016இல் கிட்டியா பிரிந்தது, அதிலிருந்து 2022இல் ஃபோர்ஜேயோ பிரிந்தது. பெர்லினில் பதிவான கோட்பெர்க் என்ற இலாப நோக்கற்ற சங்கம் இதற்குப் பின்னால் நிற்கிறது. எஸ்பெராண்டோ மொழியில் கொல்லன் பட்டறையைக் குறிக்கும் சொல்லிலிருந்து இந்தப் பெயர் வந்தது. நிரலின் மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் கருவி கொஞ்சம் தெரிந்து, ஏதாவது ஒரு மொழியில் சிறு நிரல்கள் எழுதிய பழக்கம் இருந்தால் போதும், கீழே உள்ளதைப் பின்தொடரலாம்.

படி 1: பட்டறையை வீட்டில் நிறுவுங்கள்

கிட், மேக், கோ மொழி, நோட் ஜேஎஸ் ஆகிய நான்கும் கணினியில் இருக்க வேண்டும். அந்தச் சங்கம் நடத்தும் கோட்பெர்க் தளத்தில் கணக்குத் தொடங்கி, ஃபோர்ஜேயோ களஞ்சியத்தை உங்கள் பெயருக்கு ஃபோர்க் செய்து (நகலெடுத்து), அதை உங்கள் கணினிக்கு குளோன் செய்யுங்கள் (இறக்கிக்கொள்ளுங்கள்). பிறகு டெர்மினலில், மூலநிரலை ஓடக்கூடிய நிரலாகக் கட்டும் 'மேக் பில்ட்' (make build) கட்டளை.

புதியவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று இங்கே உண்டு. கட்டும்போது 'டேக்ஸ்' (TAGS) மாறியில் எஸ்கியூலைட்டைக் குறிப்பிட மறந்தால், நிறுவல் பக்கத்தில் அந்தத் தரவுத்தளத்தைத் தேர்ந்தெடுக்க முடியாமல் போகும். எஸ்கியூலைட் இருந்தால் தனியாகத் தரவுத்தள சர்வர் எதுவும் வேண்டாம், எல்லாம் ஒரே கோப்பில் அடங்கிவிடும். பழகுவதற்கு அதுவே நல்லது. இன்னொன்று, உருவாகும் நிரலின் பெயர் 'கிட்டியா' என்றிருந்தால் குழம்ப வேண்டாம், அது பழைய உறவின் மிச்சம்.

நிரலை ஓட்டிவிட்டு உலாவியில் லோக்கல்ஹோஸ்ட் 3000ஐத் திறங்கள். முதலில் பதிவு செய்யும் பயனருக்கே நிர்வாகி உரிமை கிடைக்கும்.

படி 2: வழுவைத் திரும்ப வரவழையுங்கள்

வேலையில் பாதி இதுதான் என்பேன். திரும்ப வரவழைக்க முடியாத வழுவைத் திருத்தியதாக யாரும் சொல்ல முடியாது.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துப் பார்ப்போம். ஃபோர்ஜேயோவில் இப்படி ஒரு வழு இப்போது இருக்கிறது என்று சொல்லவில்லை, பழகுவதற்காக நான் எடுத்துக்கொண்டது. கமிட் என்பது தலைப்போடு பதிவு செய்த ஒரு மாற்றம். நீளமான கமிட் தலைப்புகளைத் தளம் வெட்டி, மூன்று புள்ளி வைத்துக் காட்டுகிறது. ஆங்கிலத் தலைப்பு நன்றாக வெட்டுப்படுகிறது. தமிழ்த் தலைப்பின் கடைசியில் மட்டும் கேள்விக்குறி போட்ட கறுப்புக் கட்டம் வருகிறது.

"தமிழ் சரியாகத் தெரியவில்லை" என்று இஷ்யூ (தளத்தில் பதியும் புகார்) எழுதினால் பராமரிப்பாளருக்கு அதிலிருந்து ஒன்றும் பிடிபடாது. எந்தப் பதிப்பு, எந்தப் பக்கம், எந்தத் தலைப்பைக் கொடுத்தோம், என்ன எதிர்பார்த்தோம், என்ன வந்தது என்ற ஐந்தும் வேண்டும். தலைப்பைச் சுருக்கிக்கொண்டே போய், வழு வரும் மிகச் சிறிய வடிவத்தைக் கண்டுபிடியுங்கள். சுருக்கும்போதே காரணம் பாதி தெரிந்துவிடும். வளர்ச்சிப் பதிப்பு ஓடும் பொதுச் சோதனைத் தளம் ஒன்றையும் ஃபோர்ஜேயோ வைத்திருக்கிறது. அங்கேயும் வழு வருகிறதா என்று பாருங்கள், ஒருவேளை ஏற்கெனவே திருத்தியிருப்பார்கள். பழைய இஷ்யூக்களிலும் ஒருமுறை தேடிவிடுங்கள்.

முந்தைய பதிப்பில் சரியாக இருந்து இப்போது கெட்டிருந்தால் 'கிட் பைசெக்ட்' கைகொடுக்கும். நல்ல கமிட் ஒன்று, கெட்ட கமிட் ஒன்று சொன்னால், நடுவில் உள்ளதை எடுத்துத் தந்து "இது எப்படி?" என்று கேட்கும். ஆயிரம் கமிட் இருந்தாலும் சுமார் 10 சோதனைகளில் குற்றவாளி அகப்பட்டுவிடும்.

ஒரு எச்சரிக்கை: அடுத்தவர் கணக்கில் நுழைய வழி தருவது போன்ற பாதுகாப்புக் குறை என்றால் பொது இஷ்யூவில் எழுதவே கூடாது. பாதுகாப்புக் குழுவுக்குத் தனி மின்னஞ்சல் அனுப்புங்கள்.

படி 3: நிரலில் இடத்தைத் தேடுங்கள்

கோப்புகளின் எண்ணிக்கையைப் பார்த்து மலைக்க வேண்டாம். திரையில் தெரியும் சொல்லிலிருந்து தொடங்குங்கள். பொத்தானில் உள்ள ஆங்கிலச் சொற்றொடரை 'லோக்கேல்' கோப்புறையில் உள்ள ஆங்கிலக் கோப்பில் தேடினால் அதற்கான குறிப்புப் பெயர் கிடைக்கும். அந்தப் பெயரை 'டெம்ப்ளேட்ஸ்' கோப்புறையில் தேடினால் பக்கத்தின் வார்ப்புரு வரும். அந்த வார்ப்புருவை அழைப்பது 'ரவுட்டர்ஸ்'. அங்கிருந்து 'சர்வீசஸ்', அடியில் தரவுத்தளத்தோடு பேசும் 'மாடல்ஸ்'. நூலைப் பிடித்து இழுத்துக்கொண்டே போவது மாதிரிதான். நம் எடுத்துக்காட்டில் வார்ப்புருவிலிருந்து இறங்கினால், சரத்தை வெட்டும் ஒரு சின்னச் செயற்கூறில் போய் நிற்போம்.

படி 4: முதலில் சோதனை, அப்புறம் திருத்தம்

"கோபுரம்" என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நம் கண்ணுக்கு 4 எழுத்து. யூனிகோடுக்கு 7 குறிகள்: க, ஓகாரக் குறி, ப, உகாரக் குறி, ர, ம, புள்ளி. யூடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட்டு, ஆக 21 பைட்டு. கோ மொழியில் சரத்தின் நீளத்தைக் கேட்டால் வருவது இந்த 21தான். 20ஆவது பைட்டில் வெட்டினால் புள்ளி பாதியில் அறுபடும், அதுதான் அந்தக் கறுப்புக் கட்டம்.

"பைட்டுக்குப் பதில் குறிகளை எண்ணினால் போதுமே" என்று தோன்றும். கட்டம் மறைந்துவிடும், உண்மை. ஆனால் 6ஆவது குறியில் வெட்டினால் "கோபுரம" என்று புள்ளியில்லாமல் நிற்கும். முதல் குறியோடு வெட்டினால் "கோ" வெறும் "க" ஆகிவிடும். திரையில் பிழை தெரியாது, சொல் மட்டும் வேறாகிப் போயிருக்கும். அரைகுறைத் திருத்தத்தில் எனக்கு இதுதான் பெரிய கவலை: தமிழ் படிக்கத் தெரியாத எவர் கண்ணிலும் இது படாது. நம்மைப் போன்றவர்கள் இந்த வேலைக்கு வர வேண்டும் என்று நான் சொல்வதும் இதனால்தான்.

வழி எளிது. வெட்டும் இடத்துக்கு அடுத்த குறி சார்ந்து நிற்கும் குறியா என்று பாருங்கள். கோ மொழியின் யூனிகோடு நூலகத்தில் இதற்கென்றே 'இஸ்மார்க்' என்ற செயற்கூறு உண்டு. ஆம் என்றால் ஒவ்வொரு குறியாகப் பின்னால் போய், முழு எழுத்து முடியும் இடத்தில் வெட்டுங்கள். பல குறிகள் ஒட்டி உருவாகும் எமோஜிகளுக்கு இது போதாது. அதற்குத் தனி நூலகம் வேண்டும், அதைச் சேர்க்கலாமா என்று பராமரிப்பாளர்களிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

திருத்தத்தைத் தொடும் முன்பே சோதனையை எழுதிவிடுங்கள். உள்ளீடு, வரவேண்டிய விடை என்று ஒரு பட்டியல் போதும்: ஓர் ஆங்கிலச் சொல், "கோபுரம்", வெற்றுச் சரம், வெட்டவே தேவையில்லாத குட்டிச் சொல். பழைய நிரலில் "கோபுரம்" வரி தோற்பதைக் கண்ணால் பாருங்கள். அப்புறம் திருத்துங்கள், வரி தேறும். கடைசியில் 'மேக் எஃப்எம்டி', 'மேக் லின்ட்', 'மேக் டெஸ்ட்-பேக்எண்ட்' மூன்றையும் ஓட்டுங்கள்.

படி 5: புல் ரிக்வெஸ்ட்

'என் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று பராமரிப்பாளர்களிடம் கேட்பதுதான் புல் ரிக்வெஸ்ட். தனிக் கிளையில் வேலை செய்யுங்கள். கமிட் தலைப்பு வழுவென்றால் 'ஃபிக்ஸ்', புது வசதியென்றால் 'ஃபீட்' என்று தொடங்கட்டும். ஒரு புல் ரிக்வெஸ்டில் ஒரே காரியம். பக்கத்து வரியின் இடைவெளி உறுத்துகிறது என்று அதையும் சேர்த்துத் திருத்தாதீர்கள், படிப்பவருக்கு எது திருத்தம் எது ஒப்பனை என்று பிரிக்கத் தெரியாது. எப்படிச் சோதித்தோம் என்பதை விளக்கத்தில் எழுதுங்கள், முன்–பின் திரைப்பிடிப்புகள் (ஸ்கிரீன்ஷாட்) இரண்டை இணையுங்கள்.

பதில் வர நாள் ஆகலாம். மறுஆய்வு செய்பவர்கள் பலரும் தங்கள் சொந்த நேரத்தைத் தருகிறவர்கள். மாற்றம் கேட்டால் அதே கிளையில் இன்னொரு கமிட் சேர்த்துத் தள்ளுங்கள், புதிதாக ஒன்று திறக்க வேண்டாம்.

புது வசதி என்றால்

நிரலில் கை வைக்கும் முன் இஷ்யூ எழுதுங்கள். "இந்த இடத்தில் ஒரு பொத்தான் வேண்டும்" என்பதைவிட "20 கோப்புகள் உள்ள மாற்றத்தை மறுஆய்வு செய்யும்போது, எதைப் பார்த்து முடித்தேன் என்று தெரியவில்லை" என்று சிரமத்தைச் சொல்லுங்கள். அதற்கான விடை ஏற்கெனவே எங்கோ இருக்கலாம், அல்லது உங்கள் பொத்தானைவிட நல்ல வழி வேறொருவருக்குத் தோன்றலாம். ஒரு மாத உழைப்புக்குப் பிறகு "இது வேண்டாம்" என்று கேட்பதைவிட, முதல் நாளே கேட்பது நல்லது. வசதியோடு புதுச் சொற்கள் வந்தால் ஆங்கில லோக்கேல் கோப்பில் மட்டும் சேருங்கள். மற்ற மொழிகள் வெப்லேட் என்ற மொழிபெயர்ப்புக் கருவி வழியாக மொழிபெயர்ப்பாளர்களிடம் போகும்.

திருத்தம் ஏற்கப்பட்டதும், அது நிலையான பதிப்புக்கும் தேவையா என்று பராமரிப்பாளர்கள் பார்ப்பார்கள். ஃபோர்ஜேயோவின் புதுப் பதிப்பு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும், வழுத்திருத்தங்கள் இடையிலேயே சிறு வெளியீடுகளில் போய்ச் சேரும். நீங்கள் உங்கள் கிளையை அழித்து, முதன்மைக் கிளையைப் புதுப்பித்துக்கொண்டு, சோதனைத் தளத்தில் "கோபுரம்" என்று ஒரு கமிட் போட்டுப் பாருங்கள்.