‘தேங்க்ஸ் சொல்லு’ என்பதில் தொடங்கும் தவறுகள்

விருந்தாளி சாக்லேட்டை நீட்டுவார். பிள்ளை வாங்குவதற்குள் “தேங்க்ஸ் சொல்லு” என்று முதுகில் ஒரு தட்டு விழும். பிள்ளை தரையைப் பார்த்து முணுமுணுக்கும். வீட்டில் நடக்கும் இதையேதான் பள்ளியிலும் செய்கிறோம். தனக்காக யார் என்ன செய்தார் என்று கண்ணில் படுவதற்கு முன்பே சொல்லை எதிர்பார்க்கிறோம். செய்ந்நன்றி அறிதலின் பத்துக் குறளையும் தடங்கலில்லாமல் ஒப்பிக்கும் மாணவன்கூட, நேற்று தனக்கு நோட்டு கொடுத்து உதவியது யார் என்று கேட்டால் யோசிக்கிறான்.

ஆசிரியர் தினத்துக்கு எழுத வைக்கும் நன்றிக் கடிதமும் இந்த வகைதான். கரும்பலகையில் மாதிரி எழுதிப் போடுவோம். நாற்பது தாளிலும் “அறிவுக் கண்ணைத் திறந்த” என்ற அதே வரி வரும். நானும் பல வருஷம் இப்படித்தான் செய்தேன். பிறகு ஒருமுறை ஏழாம் வகுப்பில், “ஒரு வாரம் எதுவும் எழுத வேண்டாம். பள்ளியில் தினமும் பார்க்கிற ஒருவருடைய வேலையைக் கவனித்துவிட்டு வாருங்கள்” என்றேன். ஒரு மாணவி சத்துணவுக் கூடத்துக்குப் போய் நின்றிருக்கிறாள். அவள் எழுதியது இது: “அக்கா இன்னைக்கு 140 முட்டை உரிச்சாங்க. மணி அடிக்கிறதுக்குள்ள முடிக்கணும்னு சூட்டோட உரிக்கிறாங்க. விரல் நுனியெல்லாம் சிவந்திருந்துச்சு. எனக்கு மட்டும் இல்ல, யாருக்குமே ஓடு ஒட்டின முட்டை வந்ததில்ல.” நன்றி என்ற சொல்லே அதில் இல்லை. அவளே போய் வாசித்துக் காட்டினாள். அக்கா அந்தத் தாளை வாங்கி மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார்.

அன்றிலிருந்து கடிதத்துக்கு முன்னால் மூன்று கேள்விகள் மட்டும் கேட்கிறேன். யார் செய்தார்? அதில் அவருக்கு என்ன சிரமம்? அவர் செய்யாமல் போயிருந்தால் உனக்கு என்ன ஆகியிருக்கும்?

என்னை மிகவும் வருத்துகிற தவறு வேறொன்று. “அரசாங்கம் சோறு போடுது, சைக்கிள் கொடுக்குது, நன்றி இருக்கா உனக்கு?” என்று பிள்ளையின் முகத்துக்கு நேராகக் கேட்பது. சத்துணவும் பாடநூலும் பஸ் பாஸும் அந்தப் பிள்ளையின் உரிமை. முட்டையை உரிக்கும் கைக்கு நன்றி சொல்லப் பழக்கலாம், பழக்க வேண்டும். ஆனால் உரிமையாக வருவதற்குத் தலைகுனியப் பழக்கக் கூடாது. இரண்டையும் குழப்பினால், அநியாயம் நடக்கும்போதும் வாயைத் திறக்காத பிள்ளையைத்தான் வளர்ப்போம். “உன் ஃபீஸ் கட்ட நாங்க படுற பாடு தெரியுமா” என்று வீட்டில் சொல்லிக்காட்டுவதும் அப்படித்தான். அதில் பிள்ளைக்குக் கடன் சுமைதான் ஏறும், பாசம் ஏறாது. “சாப்பாடே இல்லாம எத்தனை பேர் இருக்காங்க பார்” என்பதையும் விட்டுவிடலாம். அடுத்தவர் பசியைக் காட்டினால் குற்ற உணர்வுதான் வரும்.

எதற்கெல்லாம் நன்றி என்று குறித்துவைக்கும் நன்றி டைரியை தினமும் எழுதச் சொல்லி மதிப்பெண் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். உளவியலாளர் சோன்யா லுபோமிர்ஸ்கி குழுவினர் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு வாரம் வாரத்துக்கு ஒருமுறை எழுதியவர்களின் மகிழ்ச்சி கூடியது. வாரம் மூன்று முறை எழுதியவர்களிடம் அந்த மாற்றம் தெரியவில்லை. ஓயாமல் எழுதினால் அதுவும் வீட்டுப்பாடமாகிவிடும். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் பத்து நிமிஷம் போதும். சிவப்பு மை பேனாவைத் தொடாதீர்கள்.

இன்னொன்று, வாயால் சொல்லாத பிள்ளையை நன்றி கெட்டவன் என்று முடிவுகட்டாதீர்கள். நம் வீடுகளில் அம்மாவுக்கு யார் நன்றி சொல்கிறோம்? சாப்பிட்ட தட்டைக் கழுவி வைக்கிறோம், காய்ச்சலென்றால் பக்கத்தில் உட்கார்கிறோம். என் வகுப்பில் ஒருவன். அப்பா படுத்த படுக்கையாக இருந்தபோது, விடுபட்ட பாடங்களை மாலையில் உட்கார்ந்து அவனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் நான் வகுப்புக்குள் நுழையும்போது பலகை துடைத்திருக்கும், மேல் மூலையில் தேதி எழுதியிருக்கும், உடையாத ஒரு சாக்பீஸ் மேசையில் இருக்கும்.