பறவைப் பதிவுகளைத் திரட்டுபவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

பறவை, தும்பி, மரம், குளம் என்று மக்களிடம் தரவு திரட்ட யாராவது புதுச் செயலி தொடங்கிக்கொண்டே இருக்கிறார்கள். முதல் மாதம் பதிவுகள் குவியும். பிறகு தொடங்கியவர்கள் மட்டும் தங்களுக்குள் பதிவு போட்டுக்கொண்டிருப்பார்கள். செயலி தொங்குவது, கடவுச்சொல் சிக்கல் எல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், விட்டுவிடலாம்.

கொடுப்பவருக்கு ஒன்றும் தராதது

பறவை பார்ப்பவர்கள் தாங்கள் பார்த்ததைப் பதிவிடும் இணையதளமான இ-பேர்ட் 2002-இல் தொடங்கியது. அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் பறவைப் பாதுகாப்பு அமைப்பான ஆடுபான் சங்கமும் சேர்ந்து "அறிவியலுக்கு உதவுங்கள்" என்றுதான் முதலில் அழைத்தன. எதிர்பார்த்த அளவு பதிவு வரவில்லை. பறவை பார்ப்பவர் ஏற்கெனவே நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். அதையே உட்கார்ந்து மறுபடி தட்டச்சு செய்தால் அவருக்கு என்ன லாபம்? சில ஆண்டுகள் கழித்து அணுகுமுறையை மாற்றினார்கள். வாழ்நாள் பட்டியல், ஆண்டுப் பட்டியல், ஊர்வாரிப் பட்டியல், தரவரிசை எல்லாம் வந்தன. பதிவுகள் ஏறத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

இவ்வளவு தெரிந்தும் இன்றைக்கும் புதுச் செயலிகளில் பதிவை அனுப்பியதும் வருவது "நன்றி" என்ற ஒற்றைத் திரை! எரிச்சலாக இருக்கிறது. அந்த இடத்தில் அவர் இதுவரை பார்த்த இனங்களின் எண்ணிக்கையையும், அதே இடத்தில் பிறர் பார்த்தவற்றையும் காட்டுங்கள். பழைய தேதியிட்ட பதிவுகளை ஏற்றுக்கொள்ளுங்கள். தன் தரவு முழுவதையும் தரவிறக்கிக்கொள்ள ஒரு பொத்தான் வையுங்கள். வெளியே எடுக்க வழியில்லாத இடத்தில் பத்து வருட நோட்டை யாரும் கொட்ட மாட்டார்கள்.

பொதுநல எண்ணம் பொய் என்று சொல்லவில்லை. ஆனால் பலன் கண்ணில் பட்டால்தான் அது நீடிக்கும். 'இந்தியப் பறவைகளின் நிலை 2023' அறிக்கை சுமார் 30,000 பேர் தந்த 3 கோடிப் பதிவுகளை வைத்து 942 இனங்களை மதிப்பிட்டது. இப்படி ஒன்று வந்தால் பதிவு போட்ட ஒவ்வொருவருக்கும் அனுப்பிவையுங்கள்.

தரவரிசையை மட்டும் நம்புவது

ஆட்கள் வருவார்கள், தரவு கெடும். இன எண்ணிக்கைக்குப் போட்டி என்றால் காக்கையையும் மைனாவையும் எவரும் எழுத மாட்டார். காக்கை அங்கே இல்லையா, இருந்தும் எழுதவில்லையா என்பது பிறகு தெரியவே தெரியாது. தொடங்கிய நேரம், எவ்வளவு நேரம், நடந்த தூரம், "அடையாளம் கண்ட எல்லாவற்றையும் எழுதினீர்களா?" என்பவற்றை இ-பேர்ட் கேட்பது இதற்காகத்தான். பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் ஒரு பட்டியலுக்குக் குறைந்தது 15 நிமிடம் என்பதும் இதே மாதிரி ஏற்பாடு. பாராட்டை இப்படி எழுதிய முழுப் பட்டியல்களின் எண்ணிக்கைக்குக் கொடுங்கள்.

சந்தேகப் பதிவைச் சொல்லாமல் நீக்குவது

பதிவு போட்டவர் மறுபடி வரமாட்டார். இ-பேர்டில் சரிபார்ப்பவர் முதலில் விவரமோ படமோ கேட்டு எழுதுவார். ஏற்கப்படாவிட்டாலும் பதிவு அதைப் போட்டவருடைய சொந்தப் பட்டியலில் இருக்கும், பொதுத் தரவில்தான் சேராது.

நீண்ட படிவம்

பிறந்த தேதி, தொழில், முகவரி: பறவைக்கு இதெல்லாம் எதற்கு?

கூடு இருக்கும் இடத்தைக் காட்டுவது

கூடாது.

உரிமத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது

தரவை யார், எப்படிப் பயன்படுத்தலாம் என்பதைச் சேரும்போதே சொல்லிவிடுங்கள். மக்கள் சேர்ந்து வரையும் உலக வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் 2012-இல் உரிமத்தை மாற்றியபோது, புது விதிக்குச் சம்மதிக்காதவர்கள் வரைந்ததை வரைபடத்திலிருந்து நீக்க வேண்டியதாயிற்று. நீக்கிய சாலைகளை வேறு ஆட்கள் உட்கார்ந்து மறுபடி வரைந்தார்கள்.