இறந்தவரின் ரத்தத்தில் மருந்தைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

உயிரோடு இருப்பவரின் ரத்தத்தில் ஒரு மருந்து இவ்வளவு இருக்கிறது என்று ஆய்வகம் சொன்னால், ரத்தம் எடுத்த நேரத்தில் அவர் உடலில் ஓடிய அளவு ஏறக்குறைய அதுதான். இறந்தவரின் ரத்தத்துக்கு அந்த உறுதி கிடையாது. இதயம் நின்ற பிறகும் மருந்து உடலுக்குள் இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. சில மருந்துகள் சிதைந்து மறைகின்றன. சில பொருட்கள் இறப்புக்குப் பிறகு புதிதாக உருவாகின்றன. இதையெல்லாம் கணக்கில் கொள்ளாமல் எழுதப்படும் அறிக்கையால் விபத்து தற்கொலையாகிவிடும். நோயால் நேர்ந்த சாவு கொலையாகி, யாரோ ஒருவர் குற்றவாளிக் கூண்டில் ஏற நேரிடும்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, இதயத்திலிருந்து எடுத்த ரத்தத்தை மட்டுமே நம்புவது. உடற்கூராய்வின்போது இதய அறைகளில் ரத்தம் தாராளமாகக் கிடைக்கும் என்பதால் கை தானாக அங்கேதான் போகும். ஆனால் கொழுப்பில் எளிதில் கரையும் மருந்துகளும், திசுக்களில் அதிகமாகத் தங்கும் மருந்துகளும் உயிர் பிரிந்தபின் நுரையீரல், கல்லீரல், இதயத் தசை ஆகியவற்றிலிருந்து கசிந்து அருகிலுள்ள ரத்தத்தில் கலக்கின்றன. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் அமிட்ரிப்டிலின் இதற்கு நல்ல உதாரணம். ஒரே உடலில் தொடை ரத்தத்தில் இருப்பதைவிட இதய ரத்தத்தில் பல மடங்கு இருக்கக்கூடும். வைத்தியர் சொன்ன அளவிலேயே மாத்திரை சாப்பிட்டவர், இதய ரத்தத்தை மட்டும் பார்த்தால் அளவுக்கு மீறி விழுங்கியவராகத் தெரிவார்.

இதன் விலை என்ன என்பதை டொராண்டோவில் பார்த்தோம். அங்குள்ள குழந்தைகள் மருத்துவமனையின் இதய நோய்ப் பிரிவில் 1980 ஜூலைக்கும் 1981 மார்ச்சுக்கும் இடையே பல பச்சிளங்குழந்தைகள் இறந்தன. சிலவற்றின் ரத்தத்தில் டிகாக்ஸின் என்ற இதய மருந்தின் அளவு மிக அதிகமாக இருந்தது. சூசன் நெல்லஸ் என்ற இளம் செவிலியர் நான்கு குழந்தைகளைக் கொன்றதாகக் கைது செய்யப்பட்டார். 1982 மே மாதம், விசாரணைக்கு அனுப்பப் போதிய சாட்சியமே இல்லை என்று நீதிபதி அவரை விடுவித்தார். நீதிபதி கிரேஞ்ச் தலைமையிலான ஆணையம் சில சாவுகள் திட்டமிட்டுச் செய்யப்பட்டவையே என்று பின்னர் முடிவுசெய்தாலும், அளவீடுகள் மீதான சந்தேகம் தீரவில்லை. காரணம் எளிது. டிகாக்ஸின் ரத்தத்தைவிட இதயத் தசையில் பல மடங்கு தங்கும் மருந்து. இறந்தபின் அது ரத்தத்துக்குத் திரும்புகிறது. டிகாக்ஸினே கொடுக்கப்படாத பச்சிளங்குழந்தைகளிடமும், அன்றைய சோதனையில் டிகாக்ஸின் போலவே தெரியும் இயற்கைப் பொருட்கள் உண்டு என்பதும் தெரியவந்தது. இத்துறைக்கு வரும் ஒவ்வொருவரும் படித்தே ஆகவேண்டிய வழக்கு இது.

ஆகவே தொடைச் சிரைதான் முதல் தேர்வு. அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கவட்டைப் பகுதியில் சிரையைப் பிரித்தெடுத்து, இதயத்தை நோக்கிய பக்கத்தை முதலில் நூலால் கட்டிவிட வேண்டும். அதன்பிறகே கட்டுக்குக் கீழே ஊசியைச் செலுத்தி மெதுவாக உறிஞ்ச வேண்டும். கட்டாமல் இழுத்தால் வயிற்றுப் பெருஞ்சிரையில் நிற்கும் ரத்தமும் சேர்ந்து வந்துவிடும். தொடையில் எடுத்தோம் என்று எழுதினாலும் ஊசிக்குழலில் இருப்பது நடு உடலின் ரத்தம்தான். போதவில்லை என்று காலைப் பிடித்துப் பிழிவதும் கூடாது. உடலைத் திறக்காமலே மார்பின் மேல் ஊசியைக் குத்தி உறிஞ்சும் பழக்கத்தை அடியோடு கைவிட வேண்டும். இரைப்பையில் உள்ள மருந்து அதில் ஒரு துளி கலந்தாலும் அந்த மாதிரி பயனற்றது.

அடுத்து, குப்பி. மருத்துவமனையில் சர்க்கரைப் பரிசோதனைக்குப் பயன்படும் சாம்பல் நிற மூடிக் குழாயிலும் ரத்தம் கெடாமல் காக்கும் சோடியம் புளோரைடு இருக்கிறதே, அது போதாதா என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. அதில் மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 2.5 மில்லிகிராம்தான் இருக்கும். தடயவியல் மாதிரிக்கு மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராமாவது வேண்டும். குறைந்தால் நுண்ணுயிர்கள் ரத்தத்தில் உள்ள குளுக்கோஸை ஆல்கஹாலாக மாற்றிவிடும். ரத்தத்தில் உள்ள நொதி கொகெய்னைச் சிதைத்துவிடும். அதே சமயம், பூச்சிமருந்துகள் தாக்கும் கோலினெஸ்டரேஸ் என்ற நொதியைப் புளோரைடும் முடக்கும். பூச்சிமருந்துச் சாவு என்ற சந்தேகம் இருந்தால் அந்த நொதியின் செயல்பாட்டை அளக்கப் புளோரைடு கலக்காத மாதிரி ஒன்றும் தனியாக வேண்டும். ஃபார்மலின் பக்கமே போகக்கூடாது.

ஆல்கஹாலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அழுகத் தொடங்கிய உடலின் ரத்தத்தில் ஆல்கஹால் இருப்பதால் மட்டும் அவர் குடித்திருந்தார் என்று சொல்லிவிட முடியாது. விழிக்கோளத்துக்குள் உள்ள கூழ் போன்ற நீர்மம் நுண்ணுயிர்களுக்கு எளிதில் இடம் கொடுக்காது. ரத்தத்தில் ஆல்கஹால் இருந்து, அந்த நீர்மத்திலும் சிறுநீரிலும் இல்லையென்றால் அது பெரும்பாலும் இறப்புக்குப் பின் உருவானது. குடித்தவரின் உடல் மட்டுமே உருவாக்கும் எத்தில் குளுகுரோனைடைத் தேடினால் தெளிவு கூடும். குடிபோதையில் விபத்து என்று முத்திரை விழுந்தால் குடும்பத்துக்குக் காப்பீட்டுத் தொகை கிடைப்பதே சிக்கலாகிவிடும் என்பதை ஆய்வாளர் ஒரு கணமும் மறக்கக்கூடாது.

ஆய்வகத்துக்குள் நடக்கும் தவறுகளில் முக்கியமானது, முதற்கட்டச் சோதனையையே முடிவாக எடுத்துக்கொள்வது. எதிர்ப்பொருளை வைத்துச் செய்யும் சோதனைகள் உருவத்தில் ஒத்த பொருட்களிடம் ஏமாறும். அழுகலில் உண்டாகும் டைரமின், ஃபினெத்திலமின் போன்றவற்றை ஆம்ஃபெட்டமின் என்று காட்டுவதுண்டு. எதிர்த்திசையிலும் பிழை வரும். ஓப்பியம் வகைக்கான சோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தாலும் ஃபென்டனில், டிரமடால் போன்ற செயற்கை வலிநிவாரணிகள் இல்லை என்று ஆகிவிடாது. தமிழ்நாட்டில் போதைக்காக ஊசியில் ஏற்றிக்கொள்ளப்படும் டேபென்டடால் என்ற வலிநிவாரணியும் அந்தச் சோதனைக்குத் தட்டுப்படாது. மூலக்கூறுகளை நிறையை வைத்து அடையாளம் காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் உறுதிசெய்யாத எதையும் அறிக்கையில் எழுதக்கூடாது.

கருவி சொன்னாலும் கவனம் வேண்டும். அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் 1989-இல் இறந்த கைக்குழந்தையின் ரத்தத்தில் எத்திலீன் கிளைக்கால் என்ற நச்சுத் திரவம் இருந்ததாக ஆய்வகம் சொன்னது. தாய்க்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அவர் காவலில் இருந்தபோது பிறந்த அடுத்த குழந்தைக்கு மெத்தில்மலோனிக் அமில நோய் என்ற பரம்பரைக் கோளாறு இருப்பது தெரிந்தது. முதல் குழந்தைக்கும் அதே நோய்தான். அந்த நோயில் சேரும் புரோப்பியோனிக் அமிலத்தைத்தான் ஆய்வகம் நஞ்சென்று எண்ணியிருந்தது. 1991-இல் வழக்கு கைவிடப்பட்டது.

மூல மருந்தை மட்டும் தேடுவதும் ஏமாற்றும். குளோனசெபம், நைட்ரசெபம் போன்ற தூக்க மருந்துகளை நுண்ணுயிர்கள் வேறு பொருளாக மாற்றிவிடுகின்றன. குளோனசெபத்திலிருந்து அப்படி உருவாகும் 7-அமினோகுளோனசெபத்தையும் தேடாதவர் மருந்து இல்லை என்று எழுதிவிடுவார். ஹெராயினும் நிமிடங்களில் உருமாறும். அதன் அடையாளமான 6-மோனோஅசிட்டைல்மார்ஃபின் ரத்தத்தில் மறைந்த பிறகும் சிறுநீரிலோ விழி நீர்மத்திலோ கிடைக்கலாம்.

எண் கையில் வந்ததும் புத்தகத்தில் உள்ள சிகிச்சை அளவு அட்டவணையோடு ஒப்பிடுவது வழக்கம். அந்த அட்டவணைகள் பெரும்பாலும் உயிரோடிருந்தவர்களின் பிளாஸ்மாவை, அதாவது ரத்த அணுக்களை நீக்கிய நீர்மத்தை, அளந்து எழுதப்பட்டவை. நம் கையில் இருப்பதோ இறந்தவரின் முழு ரத்தம். மேலும், ஓப்பியம் வகையைச் சேர்ந்த மெதடோனை நாள்தோறும் எடுத்துப் பழகியவர் நடமாடித் திரியும் அளவு, பழக்கமில்லாதவரின் உயிரைக் குடித்துவிடும். அதனால் எந்த இடத்து ரத்தம், எத்தனை மணிக்கு எடுத்தது, உடல் எந்த நிலையில் இருந்தது, இறந்தவர் என்னென்ன மருந்து சாப்பிட்டு வந்தார், உயிர் காக்கும் முயற்சியில் மார்ஃபின், மிடசோலம், லிடோகெய்ன் ஏதாவது ஏற்றப்பட்டதா என்பதெல்லாம் மாதிரியோடு சேர்ந்தே ஆய்வகத்துக்குப் போக வேண்டும். ரத்தம் என்று மட்டும் எழுதி முத்திரையிட்ட குப்பியை வைத்துக்கொண்டு நேர்மையான கருத்துச் சொல்ல யாராலும் முடியாது.

மருத்துவமனையில் சில மணி நேரமாவது சிகிச்சை பெற்று இறந்தவராக இருந்தால், சேர்த்தபோது எடுத்த ரத்தம் அங்குள்ள ஆய்வகக் குளிர்பெட்டியில் இன்னும் இருக்கலாம். உயிரோடு இருந்தபோது எடுத்தது என்பதால், உடற்கூராய்வில் கிடைக்கும் எந்த மாதிரியையும்விட அது மேலானது. சில நாட்களில் அதைக் கொட்டிவிடுவார்கள். விசாரணை அதிகாரி முதல் நாளே எழுத்து மூலம் கேட்டு வாங்கிவிட வேண்டும்.