தமிழ்ப் பெயரை வெட்டும் நிரலா? இதைக் கவனியுங்கள்

பாம்பன், மண்டபம் பக்கத்து மீன் விலைப் பட்டியலுக்குச் சின்னதாக ஒரு பைத்தான் நிரல் எழுதுகிறீர்கள் என்று வையுங்கள். ‘நெத்திலி’யின் நீளத்தை, எண்ணிச் சொல்லும் லென் (len) கட்டளை கொண்டு கேட்டால் 4 வராது, 8 வரும். எழுத்துகளைக் கணினியில் குறிக்கும் முறையான யூனிகோடில் கொம்பும் புள்ளியும்கூடத் தனித்தனிக் குறியீடுதான். முதல் 3 போதும் என்று வெட்டினால் புள்ளி உதிர்ந்து ‘நெத’ என்று நிற்கும். ஏலம் எடுப்பவருக்கு அது என்ன மீன் என்றே புரியாது.

பைத்தானோடு வரும், உரையில் தேடும் தொகுப்பான ‘ஆர்ஈ’ (re) இதற்கு உதவாது. ‘ரெஜெக்ஸ்’ (regex) என்ற தனித் தொகுப்பை, பைத்தான் தொகுப்புகளை நிறுவும் கருவியான பிப் (pip) மூலம் நிறுவுங்கள். அதன் ஃபைண்ட்ஆல் (findall) கட்டளைக்குப் பின்சாய்கோடும் பெரிய எக்ஸும் சேர்த்து (\X) கொடுத்தால் நெ, த், தி, லி என்று சரியாகப் பிரித்துத் தரும். அப்புறம் எண்ணுவதும் வெட்டுவதும் சுலபம். (‘க்ஷ’ மட்டும் இரண்டாகப் பிரியும்; அதை நாமே சேர்த்துக்கொள்ள வேண்டும்.)

இந்த நிரல் துண்டை நண்பருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது அப்படியே ஒட்டாதீர்கள். நட்சத்திரக் குறியையும் அடிக்கோட்டையும் அது தடித்த எழுத்து, சாய்வெழுத்து என்று எடுத்துக்கொள்ளும், நிரல் கெட்டுவிடும். கோப்பாகவே அனுப்புங்கள். சோதித்துப் பார்க்க நெத்திலி, சீலா, பாறை என்று மூன்று பெயரையும், வரவேண்டிய 4, 2, 2 என்ற விடையையும் கூடவே எழுதிவிடுங்கள்.