குழந்தைக்கு சோயா பால்: நம் வீடுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குழந்தைக்கு சோயா பால் நல்லதா என்று கேட்டால் நேராகவே பதில் சொல்லலாம். ஒரு வயது தாண்டிய, பசும்பால் ஒத்துக்கொள்ளாத குழந்தைக்கு, கால்சியமும் வைட்டமின்களும் சேர்த்த, சர்க்கரை போடாத சோயா பால் நல்ல மாற்றுதான். 100 மில்லியில் சுமார் 3 கிராம் புரதம் இருக்கிறது; பசும்பாலிலும் ஏறக்குறைய அவ்வளவுதான். கடையில் விற்கும் பாதாம் பாலோ அரிசிப் பாலோ இதன் பக்கத்தில்கூட வராது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் வேறு மூன்று அமைப்புகளும் 2019-ல் சேர்ந்து ஐந்து வயது வரையிலான குழந்தைகளின் பானங்களைப் பற்றிப் பரிந்துரை வெளியிட்டன. பசும்பால் கொடுக்க முடியாதபோது சத்து சேர்த்த சோயா பால் கொடுக்கலாம் என்பதே அதில் சொன்னது.

ஆக, கோளாறு சோயாவில் இல்லை. எந்த வயதில் கொடுக்கிறோம், எதற்குப் பதிலாகக் கொடுக்கிறோம், எப்படிக் காய்ச்சுகிறோம் என்பதில்தான் பிசகுகிறது. சேலத்தில் ஐந்து ரோடு பக்கத்து சூப்பர் மார்க்கெட்டில் பாக்கெட்டாக வாங்குகிறவர்களும் உண்டு. செவ்வாய்ப்பேட்டையில் சோயா பீன்ஸ் வாங்கி வந்து வீட்டில் ஆட்டிப் பாலெடுக்கிறவர்களும் உண்டு. இரண்டு வீடுகளிலும் நடக்கிற தவறுகள் வேறு வேறு.

ஒரு வயது ஆகாத குழந்தைக்கு வேண்டவே வேண்டாம்

எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு இதுதான். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். அப்புறம் கூழ், பருப்புச் சாதம், முட்டை என்று ஊட்டத் தொடங்கினாலும் இரண்டு வயது வரைக்கும், முடிந்தால் அதற்கு மேலும், தாய்ப்பாலைத் தொடரச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். தாய்ப்பால் போதவில்லை என்றால் மருத்துவர் எழுதிக் கொடுக்கும் பால் பவுடர். அந்த இடத்தில் சோயா பாலை வைக்கவே கூடாது. கைக்குழந்தைக்குத் தேவையான இரும்புச்சத்தும் கொழுப்பும் வைட்டமின்களும் அதில் அந்த அளவுக்கு இல்லை. வயிறு நிறைந்துவிடுவதால் குழந்தை அழாமல் தூங்கும்; எடை மட்டும் ஏறாது, ரத்தசோகையும் வரும். அழவில்லை என்பதாலேயே பெரியவர்களுக்குச் சந்தேகம் வராமல் மாதங்கள் ஓடிவிடும்.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. மருந்துக் கடையில் சோயா புரதத்தில் செய்த குழந்தைப் பால் பவுடர் கிடைக்கிறது. பாலில் உள்ள காலக்டோஸ் சர்க்கரையைப் பிறவியிலேயே உடலால் கையாள முடியாத குழந்தைகளுக்கு மருத்துவர்கள் அதை எழுதிக் கொடுப்பார்கள். கைக்குழந்தைக்கு என்றே சத்துகளைக் கணக்கிட்டுச் சேர்த்துச் செய்யப்படுவது அது. பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு டாக்டர் சோயா எழுதினார் என்று கேள்விப்பட்டு, நாம் கடையில் சோயா பால் பாக்கெட் வாங்கி பாட்டிலில் ஊற்றினால் இரண்டும் ஒன்றாகிவிடாது.

பசும்பாலை ஏன் நிறுத்துகிறோம்?

"பால் குடித்தால் சளி கட்டும்" என்பது நம் பக்கத்தில் அடிக்கடி கேட்கிற பேச்சு. ஏற்காட்டில் மழையும் பனியும் இருக்கும் மாதங்களில் கேட்கவே வேண்டாம். பால் எச்சிலோடு கலந்து கொஞ்சம் கெட்டியாவதால் தொண்டையில் ஏதோ ஒட்டியது போல் இருக்கும், அவ்வளவுதான். நெஞ்சில் சளியை அது உண்டாக்குவதில்லை. சளிக்காக ஆவின் பாலை நிறுத்திவிட்டு சோயாவுக்கு மாறினால் சளி அதன் வேகத்தில்தான் போகும், செலவு மட்டும் கூடும்.

வயிற்றுப்போக்கு வந்த பிறகு சில நாட்கள் பால் ஒத்துக்கொள்ளாமல் போவது நிஜம். குடலின் உட்சுவர் தேறும் வரை பால் சர்க்கரையான லாக்டோஸ் சரியாகச் செரிக்காது. அது பெரும்பாலும் ஓரிரு வாரங்களில் தானாகச் சரியாகிவிடும். அந்த ஒரு வாரத்துக்காகப் பசும்பாலை வாழ்நாள் முழுக்க ஒதுக்க வேண்டியதில்லை. லாக்டோஸ் பிரச்சினை மட்டும் என்றால் பல குழந்தைகளுக்குத் தயிர் ஒத்துக்கொள்ளும், ஏனென்றால் உறையும்போதே லாக்டோஸில் ஒரு பகுதி குறைந்துவிடுகிறது. தயிர்ச் சாதம் சாப்பிட்டு நன்றாக இருக்கிற பிள்ளைக்கு சோயா பால் தேடி அலைய வேண்டிய அவசியமே இல்லை.

பால் புரத ஒவ்வாமை வேறு விஷயம். பால் குடித்த கொஞ்ச நேரத்தில் உடம்பெல்லாம் தடித்துச் சிவப்பது, திரும்பத் திரும்ப வாந்தி, மலத்தில் ரத்தம் என்று வந்தால் அது வெறும் செரிமானக் கோளாறு அல்ல. உதடோ நாக்கோ வீங்கினால், மூச்சு இழுத்தால் உடனே 108-ஐக் கூப்பிட வேண்டும். இங்கேதான் பலர் தாங்களாகவே சோயாவுக்குத் தாவுகிறார்கள். உடனடியாகத் தடிப்பு வரும் வகைப் பால் ஒவ்வாமை உள்ள குழந்தைகளில் நூற்றுக்கு 10 முதல் 14 பேருக்கு சோயாவும் ஆகாது. தாமதமாகக் குடலைத் தாக்கும் வகையில் இது இன்னும் அதிகம். அதனால் முதல் டம்ளர் சோயா பாலை மருத்துவரிடம் கேட்ட பிறகே கொடுங்கள். தோலில் கொஞ்சம் கரப்பான் இருக்கிறது என்பதற்காக யாரையும் கேட்காமல் பாலை நிறுத்திவிடுவதும் தவறுதான்.

பாக்கெட்டின் பின்பக்கம்

முன்பக்கத்தில் பழமும் சாக்லேட்டும் சிரிக்கிற குழந்தையும் இருக்கும். நமக்கு வேண்டிய செய்தி பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கிறது. 100 மில்லிக்குச் சேர்க்கப்பட்ட சர்க்கரை எவ்வளவு என்று பாருங்கள். 8 கிராம் என்று போட்டிருந்தால், 200 மில்லி பாக்கெட்டில் 16 கிராம். கிட்டத்தட்ட நான்கு டீஸ்பூன் சர்க்கரை. இரண்டு வயது வரை சேர்த்த சர்க்கரையே வேண்டாம் என்கிறார்கள் குழந்தை மருத்துவர்கள். இனிப்பில்லாத சோயா பாலை முதலில் பிள்ளைகள் முகம் சுளித்துத் தள்ளுவார்கள், அது இயல்பு. ஒரு ஏலக்காய் தட்டிப் போட்டு வெதுவெதுப்பாகக் கொடுங்கள், அல்லது வாழைப்பழத்தோடு அடித்துக் கொடுங்கள். நாலைந்து நாளில் பழகிவிடும். கசப்புத் தெரியக் கூடாதென்று மேலே சாக்லேட் பவுடர் கலப்பதில் எனக்குச் சம்மதமே இல்லை.

அடுத்து கால்சியம். பசும்பாலில் 100 மில்லிக்கு சுமார் 120 மில்லிகிராம் இருக்கிறது. சோயா பாலிலும் அதை ஒட்டி இருந்தால் நல்லது. வைட்டமின் பி12, வைட்டமின் டி சேர்த்திருக்கிறார்களா என்பதையும் பார்த்துவிடுங்கள். சேர்த்த கால்சியம் அடியில் படிந்துவிடும் என்பது பலருக்குத் தெரியாது. குலுக்காமல் ஊற்றினால் பிள்ளைக்கு மேல்பால்தான் போகிறது, கால்சியம் பெட்டியின் அடியிலேயே தங்கிவிடுகிறது. ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்கித்தான் ஊற்ற வேண்டும்.

வீட்டில் பாலெடுக்கும்போது

வீட்டில் எடுத்த பால் சுத்தமானது, சர்க்கரை இல்லாதது, செலவும் குறைவு. ஆனால் சரியாகக் காய்ச்சாத சோயா பாலைவிடப் பாக்கெட் பால் எவ்வளவோ மேல். பச்சை சோயாவில் புரதம் செரிப்பதைத் தடுக்கிற பொருள்கள் இருக்கின்றன. வெந்தால்தான் அவை செயலிழக்கும். அரைகுறையாகக் காய்ச்சிக் குடித்தால் குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். சின்னக் குழந்தை சீக்கிரம் துவண்டுவிடும்.

செய்முறை சிக்கலானது அல்ல. இரவே ஊறவைத்து, காலையில் கையால் தேய்த்துத் தோலை நீக்கி, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். ஆட்டும்போது பச்சைத் தண்ணீர் ஊற்றினால் அந்தப் பச்சை வாடை கிளம்பிவிடும்; கொதிக்கிற தண்ணீரை விட்டு அரைத்தால் வாடை பெருமளவு அடங்கும். 100 கிராம் பருப்புக்கு முக்கால் லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் தண்ணீர் போதும். அதற்கு மேல் நீட்டினால் புரதமும் நீர்த்துப் போகும். துணியில் வடிகட்டிய பிறகுதான் முக்கியமான இடம் வருகிறது.

அடுப்பில் வைத்துக் கொஞ்ச நேரத்திலேயே வெள்ளை நுரை குபுகுபுவென்று பாத்திரத்தின் விளிம்புக்கு ஏறும். பசும்பால் காய்ச்சிப் பழகிய கை, பால் பொங்கிவிட்டது என்று உடனே அடுப்பை அணைத்துவிடும். உண்மையில் அது கொதியே இல்லை. சோயாவில் உள்ள நுரைக்கும் பொருளால் சுமார் 80 டிகிரியிலேயே அப்படி ஏறுகிறது. அந்த நேரத்தில் தீயைக் குறைத்து, கரண்டியால் நுரையைக் கலைத்து, உள்ளிருந்து குமிழி விட்டு உண்மையாகவே கொதிக்கத் தொடங்கியபின் குறைந்தது இருபது நிமிடமாவது கிளறிக்கொண்டே காய்ச்ச வேண்டும். அடி பிடிக்கும் என்பதால் அடி கனமான பாத்திரம் நல்லது.

மலை மேல் இருப்பவர்களுக்கு இன்னொரு விஷயமும் உண்டு. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 95 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடுகிறது. நாகலூரிலோ செம்மடுவிலோ காய்ச்சும்போது, கீழே அஸ்தம்பட்டியில் காய்ச்சுகிற கணக்கு பற்றாது. கூடுதல் நேரம் வேண்டும். அதைவிட நல்ல வழி, ஊறிய பருப்பை முதலில் குக்கரில் வேகவைத்து அப்புறம் அரைப்பது. குக்கருக்குள் சூடு 100 டிகிரியைத் தாண்டிவிடுவதால் மலையிலும் நன்றாக வேகும். சோயா நுரைத்து வெயிட் வால்வை அடைக்கும் என்பதால் குக்கரைப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள், ஒரு ஸ்பூன் எண்ணெயும் விடுங்கள்.

காய்ச்சிய பாலை ஆறியதும் ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும். சேலத்து வெயிலில் பள்ளிக்கூடப் பாட்டிலில் ஊற்றி அனுப்பினால் மத்தியானத்துக்குள் திரிந்துவிடும். வடிகட்டிய சக்கையை அடை மாவில் கலக்கலாம், நன்றாக வேக வேண்டும். சத்துமாவில் சோயா சேர்ப்பவர்களும் பச்சையாக அரைக்காமல், சிவக்க வறுத்த பிறகே அரையுங்கள்.

வீட்டுப் பாலில் இல்லாதவை

வீட்டு சோயா பாலில் 100 மில்லிக்கு 20, 25 மில்லிகிராம் கால்சியம்தான் இருக்கும். பி12 சுத்தமாக இல்லை. ஒன்று முதல் மூன்று வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு 500 மில்லிகிராமும், நான்கு முதல் ஆறு வயதுக்கு 550 மில்லிகிராமும் கால்சியம் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் வகுத்த கணக்கு. பசும்பால் கொடுத்த இடத்தில் அதே டம்ளரில் வீட்டு சோயா பாலை ஊற்றிவிட்டுப் பால் குடித்தாயிற்று என்று நினைத்தால் தினமும் பெரிய பள்ளம் விழும்.

அந்தப் பள்ளத்தை நிரப்பும் பொருள் நம் ஊரிலேயே இருக்கிறது. 100 கிராம் ராகியில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம். மலையிலும் அடிவாரத்திலும் ராகிக் களி இன்றைக்கும் அன்றாடச் சாப்பாடு. எள்ளுருண்டை, முருங்கைக்கீரை, நெத்திலி எல்லாம் கைகொடுக்கும். ஜவ்வரிசிக் கஞ்சியை மட்டும் இந்த வரிசையில் சேர்க்காதீர்கள். சேலத்துப் பெருமை அது, சரி. ஆனால் மரவள்ளி மாவுச்சத்து தவிர அதில் பெரிதாக ஒன்றுமில்லை. பி12-க்கு முட்டை, தயிர், மீன், கறி வேண்டும். பசும்பாலும் தயிரும் ஒத்துக்கொள்ளாத, வீட்டில் முட்டையும் சேர்க்காத குழந்தை என்றால் சொட்டு மருந்து பற்றி மருத்துவரிடம் கேட்டே ஆக வேண்டும்.

இரும்புச்சத்து உடலில் சேர்வதையும் சோயா கொஞ்சம் தடுக்கும். அதனால் சாப்பாட்டோடு சேர்த்து வேண்டாம், இடைவேளையில் கொடுங்கள். சாப்பாட்டுக்குப் பின் கொய்யாவோ ஏற்காட்டு ஆரஞ்சோ ஒரு துண்டு கொடுத்தால் இரும்பு நன்றாகச் சேரும். நாளுக்கு இரண்டு டம்ளருக்கு மேல் எந்தப் பாலும் வேண்டாம். பாலிலேயே வயிறு நிறைந்த பிள்ளை சோறு தொடாது.

ஹார்மோன் பயமும் தைராய்டு மாத்திரையும்

ஆண் பிள்ளைக்கு சோயா கொடுக்கக் கூடாது, பெண் பிள்ளை சீக்கிரம் வயதுக்கு வந்துவிடும் என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். சோயாவில் ஐசோஃப்ளேவோன் என்ற பொருள் இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் மாதிரி, ஆனால் அதைவிட மிகப் பலவீனமாக வேலை செய்யும். கைக்குழந்தைப் பருவத்தில் சோயா பவுடரோ பசும்பால் பவுடரோ குடித்து வளர்ந்த 811 பேரை 20 வயதுக்கு மேல் பரிசோதித்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2001-ல் வெளிவந்தது. உயரம், எடை, பருவமடைந்த வயது ஆகியவற்றில் இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சோயா குடித்த பெண்களுக்கு மாதவிடாய் சற்றே கூடுதல் நேரம் நீடித்தது, வலியும் கொஞ்சம் அதிகம் என்றார்கள். நாளுக்கு ஒன்றிரண்டு டம்ளர் குடிக்கிற பிள்ளைக்கு இதற்காகப் பயப்பட வேண்டியதில்லை.

உண்மையாகவே கவனிக்க வேண்டிய இடம் தைராய்டு. பிறவியிலேயே தைராய்டு குறைவாக இருந்து தினமும் மாத்திரை சாப்பிடும் குழந்தைகளுக்கு, சோயா அந்த மருந்து குடலில் சேர்வதைக் குறைக்கும். மூளை வளர்கிற வயதில் மருந்து குறைந்தால் இழப்பு பெரிது. மாத்திரையைப் பொடித்து சோயா பாலில் கலக்கக் கூடாது. சில மணி நேர இடைவெளி வேண்டும். சோயாவைத் தொடங்குவதையும் நிறுத்துவதையும் மருத்துவரிடம் சொல்லிவிட்டுச் செய்தால் அவர் ரத்தப் பரிசோதனை பார்த்து அளவை மாற்றுவார்.

மற்றபடி, சோயா பாலுக்கு மாறிய எந்தக் குழந்தைக்கும் அங்கன்வாடியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ மாதாமாதம் எடை பாருங்கள். இரண்டு மாதம் தொடர்ந்து ஏறவில்லை என்றால் காத்திருக்காமல் குழந்தை மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். போகும்போது அந்தப் பாக்கெட்டையும் எடுத்துச் செல்லுங்கள். வீட்டுப் பால் என்றால் எவ்வளவு பருப்புக்கு எவ்வளவு தண்ணீர், எத்தனை நிமிடம் காய்ச்சுகிறீர்கள் என்று அப்படியே சொல்லுங்கள்.