போனை ரூட் செய்யும்போது பிரிக் ஆக்கிவிடும் (செங்கல்போல் செயலற்றதாக்கும்) தவறுகள்

சேலம் புதிய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சர்வீஸ் கடையில் போய் "அன்லாக் பண்ணணுங்ண்ணா" என்று சொல்லிப் பாருங்கள். ஒருவர் பேட்டர்ன் மறந்துவிட்டதா என்பார், இன்னொருவர் பழைய கூகுள் கணக்கை எடுக்கணுமா என்பார். பூட்லோடர் அன்லாக் இது இரண்டும் இல்லை. போன் ஆன் ஆனதும் முதலில் ஓடும் சின்ன புரோகிராம்தான் பூட்லோடர். கம்பெனியின் டிஜிட்டல் கையெழுத்து உள்ள சிஸ்டத்தை மட்டும்தான் அது ஏற்றும். அந்தக் கெடுபிடியைத் தளர்த்துவது அன்லாக். தளர்த்திய பிறகு பூட் இமேஜை (சிஸ்டம் ஏறத் தொடங்கும் ஃபைலை) மாற்றி, ஆப்களுக்கு சிஸ்டத்தின் முழு அதிகாரத்தைக் கொடுப்பது ரூட். இன்றைய போன்களில் முதலாவதைச் செய்யாமல் இரண்டாவது நடக்காது. "கம்ப்யூட்டர் வேண்டாம், ஒரே கிளிக்கில் ரூட்" என்று வரும் ஆப்கள் பழைய ஆண்ட்ராய்டின் ஓட்டைகளை நம்பி இருந்தவை. இன்று அவற்றால் ரூட் வராது, விளம்பரமும் வைரஸும்தான் வரும்.

எந்த போன் என்று பார்க்காமல் இறங்குவது

ரூட் செய்வதற்கென்றே செகண்ட் ஹேண்டில் போன் வாங்குகிறவர்கள் ராம் எவ்வளவு, கேமரா எப்படி என்றெல்லாம் பார்ப்பார்கள். பூட்லோடர் திறக்குமா என்று மட்டும் பார்க்க மாட்டார்கள். விவோவில் அதிகாரப்பூர்வ வழி கிடையாது. ரியல்மியில் சில மாடல்களுக்கு மட்டும் கம்பெனியே ஒரு ஆப் தருகிறது. மோட்டோரோலா தன் தளத்தில் கோடு கொடுக்கிறது, ஆனால் எல்லா மாடலுக்கும் இல்லை. பிக்சல் எளிது, வெளிநாட்டு நெட்வொர்க் கம்பெனி விற்ற பிக்சல் என்றால் திறக்காமல் போகலாம். சாம்சங்கில் 2025இல் வந்த ஒன் யுஐ 8 முதல் பல மாடல்களில் ஓஇஎம் அன்லாக் சுவிட்சையே (அன்லாக் செய்ய அனுமதி தரும் செட்டிங்கை) எடுத்துவிட்டார்கள். பழைய சாம்சங்கில் சுவிட்ச் இருக்கும், ஆனால் மாற்றிய சிஸ்டத்தை ஏற்றியதும் நாக்ஸ் என்ற பாதுகாப்பின் ஃபியூஸ் சிப்புக்குள்ளேயே எரிந்துவிடும். பிறகு ஒரிஜினல் சாஃப்ட்வேரைப் போட்டாலும் அது திரும்பாது. செக்யூர் ஃபோல்டரும் சாம்சங் பேயும் அந்த போனில் முடிந்த கதை.

கடையில் காசு கொடுக்கும் முன் இரண்டு நிமிட வேலை ஒன்று இருக்கிறது. செட்டிங்ஸில் பில்ட் நம்பரை 7 முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் ஓஇஎம் அன்லாக்கிங் இருக்கிறதா, ஆன் ஆகிறதா என்று பாருங்கள். சாம்பல் நிறமாக இருந்தால் நெட் இணைத்து மீண்டும் பாருங்கள், சில போன்களில் சர்வரைக் கேட்ட பிறகுதான் உயிர் பெறும். ஷாவ்மி என்றால் பழைய உரிமையாளரின் மி கணக்கு இன்னும் உள்ளே இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். அந்தக் கணக்கு போகாமல் போன் உங்களுடையது ஆகாது.

பேக்கப் எடுத்த இடத்திலேயே பேக்கப் போவது

அன்லாக் செய்தால் போன் மொத்தமாக அழியும். மீண்டும் லாக் செய்தாலும் அழியும். இது கோளாறு அல்ல, திருடியவன் பூட்லோடரைத் திறந்து உள்ளே இருப்பதைப் படித்துவிடக் கூடாது என்று வேண்டுமென்றே வைத்தது. பலரும் ஏமாறுவது "இன்டர்னல் ஸ்டோரேஜ்" என்ற பெயரில்தான். வாட்ஸ்அப் பேக்கப்பை அங்கே எடுத்து வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். அழிவதே அந்த இடம்தான். போட்டோ, வாட்ஸ்அப் ஃபோல்டர், போனில் மட்டும் சேமித்த நம்பர்கள், ஓடிபி உருவாக்கும் ஆப்பின் கோடுகள் எல்லாம் கம்ப்யூட்டருக்குப் போக வேண்டும். கூகுள் கணக்கின் பாஸ்வேர்டு நினைவில் இருக்கிறதா என்று வேறொரு பிரவுசரில் ஒருமுறை லாகின் செய்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

காத்திருக்கும் கணக்கைக் கெடுத்துக்கொள்வது

ஷாவ்மியில் டெவலப்பர் ஆப்ஷன்ஸுக்குள் மி அன்லாக் ஸ்டேட்டஸ் என்று ஒன்று உண்டு. கணக்கையும் போனையும் அங்கே இணைக்க வேண்டும். அது வைஃபையில் நடக்காது, சிம்மின் மொபைல் டேட்டாவில்தான் நடக்கும். ஏற்காட்டுச் சரிவுகளில் எஸ்டேட்டுக்குள் வீடு இருப்பவர்களுக்கு இங்கேதான் தகராறு. வைஃபை நன்றாக இருக்கும், சிம் சிக்னல் ஒரு கோடு வந்து போகும், இணைப்பு பாதியில் எர்ரர் அடிக்கும். போனில் குறை என்று நினைத்து ரீசெட் செய்ய வேண்டாம். சிக்னல் நிலையாக இருக்கும் இடத்துக்கு வந்து, வைஃபையை அணைத்துவிட்டு முயலுங்கள்.

இணைத்த பிறகு பெரும்பாலும் 168 மணி நேரம், அதாவது 7 நாள் காத்திருக்கச் சொல்லும். இந்த இடைவெளியில் கணக்கை லாக் அவுட் செய்வது, "ஒருவேளை சரியாகச் சேரவில்லையோ" என்று மீண்டும் சேர்ப்பது, போனை ரீசெட் செய்வது எல்லாம் கடிகாரத்தைப் பழையபடி பூஜ்யத்துக்குக் கொண்டுபோகும். மியுஐக்குப் பதில் ஹைப்பர் ஓஎஸ் என்ற ஷாவ்மியின் புதிய சிஸ்டம் வந்த போன்களில் இதற்கும் முன்னால் ஷாவ்மி கம்யூனிட்டி ஆப்பில் அனுமதி கேட்க வேண்டும். தினமும் இத்தனை பேருக்குத்தான் என்று ஒதுக்கீடு உண்டு. அது பெய்ஜிங் நள்ளிரவில் திறக்கும், நம் கணக்கில் இரவு 9.30. காலையில் எழுந்து பட்டனை அழுத்திவிட்டு "ரிஜெக்ட் ஆகுது" என்று அலுத்துக்கொள்வதில் பயனில்லை.

கேபிளும் கரண்ட்டும்

ஃபாஸ்ட்பூட்டில் (கம்ப்யூட்டரின் கட்டளைக்குக் காத்திருக்கும் பூட்லோடர் திரையில்) போன் நிற்கிறது, கம்ப்யூட்டர் "வெயிட்டிங் ஃபார் டிவைஸ்" என்று தொங்குகிறது. பத்தில் எட்டு பேர் உடனே வேறு டூல் தேட ஓடுவார்கள். முதலில் கேபிளை மாற்றுங்கள். பஸ் ஸ்டாண்டு பிளாட்பாரத்தில் 50 ரூபாய்க்கு வாங்கிய கேபிளில் சார்ஜ் கம்பி மட்டும் இருக்கும், டேட்டா கம்பியே இருக்காது. அடுத்து கூகுளின் யூஎஸ்பி டிரைவர்: விண்டோஸ் டிவைஸ் மேனேஜரில் "ஆண்ட்ராய்டு" என்ற பெயரில் மஞ்சள் முக்கோணம் தெரிந்தால் டிரைவர் ஏறவில்லை என்று பொருள். அதற்குப் பிறகும் சண்டித்தனம் செய்தால் யூஎஸ்பி 2.0 போர்ட்டில் செருகுங்கள். சில ஏஎம்டி ரைசன் கம்ப்யூட்டர்களில் 3.0 போர்ட்டும் ஃபாஸ்ட்பூட்டும் ஒத்துப்போவதே இல்லை. "ஃபாஸ்ட்பூட் டிவைசஸ்" கட்டளைக்கு போனின் சீரியல் நம்பர் பதிலாக வரும் வரை அடுத்த அடி எடுத்து வைக்காதீர்கள்.

பேட்டரி 60 சதவீதத்துக்கு மேல் இருக்கட்டும். யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப் என்றால், மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவித்த நாளிலும், மலையில் இடி மழை கட்டி நிற்கும் மாலையிலும் ஃபிளாஷ் செய்ய (போனில் சிஸ்டம் ஃபைலை எழுத) உட்காராதீர்கள். லேப்டாப்பே உத்தமம்.

கொஞ்சம் மாறிய பூட் இமேஜ்

அன்லாக் முடிந்து ரூட் செய்யும்போது அதிகம் தவறுவது இந்த இடம். மேஜிஸ்க் என்பது ரூட் தரும் ஆப். அந்த முறையில் வேலை இதுதான்: உங்கள் போனில் இப்போது ஓடும் அதே பில்டின் (சாஃப்ட்வேர் பதிப்பின்) முழு ஃபர்ம்வேரை, அதாவது கம்பெனி சாஃப்ட்வேர் தொகுப்பை இறக்கி, அதிலிருந்து பூட் இமேஜைப் பிரித்து, போனுக்கு அனுப்பி, மேஜிஸ்க் ஆப்பில் இன்ஸ்டால் தட்டி, "செலக்ட் அண்ட் பேட்ச் எ ஃபைல்" என்பதில் அந்த ஃபைலைக் காட்ட வேண்டும். பேட்ச் ஆன ஃபைல் டவுன்லோட் ஃபோல்டரில் வந்து விழும். அதைக் கம்ப்யூட்டருக்கு எடுத்து ஃபாஸ்ட்பூட்டில் ஃபிளாஷ் செய்தால் முடிந்தது.

முதல் தவறு "அதே பில்டு" என்பதை லேசாக எடுத்துக்கொள்வது. ஒரு மாத செக்யூரிட்டி அப்டேட் முன்பின் இருந்தாலும் வைஃபை, டச், ஆடியோ ஏதாவது ஒன்று போகலாம், அல்லது போன் லோகோவிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். மாடல் பெயரையும் நம்ப முடியாது. ஷாவ்மி பில்டு நம்பரின் கடைசி எழுத்துகளைப் பாருங்கள்: ஐ.என்.எக்ஸ்.எம் என்றால் இந்தியா, எம்.ஐ.எக்ஸ்.எம் என்றால் குளோபல், சி.என்.எக்ஸ்.எம் என்றால் சீனா. ஏறக்குறைய ஒரே பெயரில் விற்ற போனுக்கு இந்தியாவில் ஒரு கோடு நேமும் (கம்பெனி உள்ளுக்குள் வைக்கும் பெயரும்) வெளிநாட்டில் வேறொன்றும் இருப்பது சகஜம். இந்தியாவின் போகோ எக்ஸ்3 கர்ணா, குளோபலின் போகோ எக்ஸ்3 என்எஃப்சி சூர்யா. (பெயர் வைத்தவர் வாழ்க.)

இரண்டாவது, எந்த பார்ட்டிஷன் (ஸ்டோரேஜின் தனிப் பகுதி) என்பது. ஆண்ட்ராய்டு 13 உடனேயே கடைக்கு வந்த பெரும்பாலான போன்களில் பேட்ச் செய்ய வேண்டியது இனிட் பூட் என்ற வேறொரு ஃபைலை. பழைய வீடியோவைப் பார்த்து பூட் இமேஜைப் பேட்ச் செய்தால் போன் ஆன் ஆகும், ரூட் மட்டும் வராது. வரவில்லையே என்று திரும்பத் திரும்ப ஃபிளாஷ் செய்வார்கள்.

மூன்றாவது சாம்சங்குக்கு. அன்லாக் முடிந்து போன் அழிந்து எழுந்ததும் நேராக ஓடின் என்ற சாம்சங் ஃபிளாஷ் டூலுக்கு ஓடக் கூடாது. செட்டப்பில் நெட் இணைத்து, டெவலப்பர் ஆப்ஷன்ஸ் போய், ஓஇஎம் அன்லாக் ஆன் ஆகி சாம்பலாக (ஏற்கெனவே திறந்துவிட்டதால் மாற்ற முடியாதபடி) இருக்கிறதா என்று பார்த்த பிறகே அடுத்த வேலை. சாம்சங் ஃபர்ம்வேர் நான்கு ஃபைல்களாக வரும்; பேட்ச் ஆன ஏபி ஃபைலை மட்டும் தனியாக ஏற்றாமல் பிஎல், சிபி, சிஎஸ்சி மூன்றையும் சேர்த்தே ஏற்றுங்கள். முதல் தடவைக்கு ஹோம் சிஎஸ்சி வேண்டாம், சாதா சிஎஸ்சி. பேட்ச் ஆன பெரிய ஃபைலைப் போனிலிருந்து எடுக்கும்போது ஃபோல்டரைத் திறந்து காப்பி பேஸ்ட் செய்யாதீர்கள், அந்த வழியில் ஃபைல் கெட்டுப்போவது தெரிந்த பிரச்சினை. ஏடிபி புல் கட்டளையில் எடுங்கள்.

மேஜிஸ்க்கை அதன் கிட்ஹப் பக்கத்தில் மட்டும் இறக்குங்கள். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு பளபளப்பாக நிற்கும் தளங்கள் அதை எழுதியவர்களுடையவை அல்ல.

மாற்றாத ஒரிஜினல் பூட் இமேஜ் ஒன்று கம்ப்யூட்டரில் எப்போதும் இருக்கட்டும். போன் லோகோவில் மாட்டினால் அதைத் திரும்ப ஃபிளாஷ் செய்தாலே பெரும்பாலும் எழுந்துவிடும். மேஜிஸ்க்கில் சேர்க்கும் துணை நிரலான மாட்யூல் போட்டதால் மாட்டியிருந்தால் அதுகூடத் தேவையில்லை. பூட் அனிமேஷன் ஓடும்போது வால்யூம் டவுனை அழுத்தி சேஃப் மோடில் ஏற்றினால் மேஜிஸ்க் எல்லா மாட்யூலையும் நிறுத்திவிடும். பிறகு சாதாரணமாக ரீஸ்டார்ட் செய்யலாம்.

திரும்பப் பூட்டுவது

ஏற்காட்டு ரோட்டின் 20 கொண்டை ஊசி வளைவிலும் ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் பிரேக் சூடாகும். பூட்லோடரும் அப்படித்தான். திறந்ததால் செத்த போன் அரிது, மாற்றிய சிஸ்டத்தை வைத்துக்கொண்டு "பேங்க் ஆப் ஓடட்டும்" என்று லாக் செய்ததால் செத்தவையே அதிகம். லாக் ஆன பூட்லோடர் மறுபடி கையெழுத்தைச் சரிபார்க்கும். மேஜிஸ்க் பேட்ச், கஸ்டம் ரெக்கவரி, வேறு ரோம் (சிஸ்டம்) எது இருந்தாலும் ஏற்ற மறுக்கும். அந்த நிலையில் ஓஇஎம் அன்லாக் சுவிட்சுக்குப் போகவும் வழியில்லை, ஏனென்றால் சிஸ்டமே திறக்காதே.

ஷாவ்மியின் மிஃபிளாஷ் டூலில் கீழே ஓரமாக ஒரு தேர்வு இருக்கிறது. அது திறக்கும்போதே "கிளீன் ஆல் அண்ட் லாக்" என்பதில் நிற்கும். சீனா போனில் குளோபல் ரோம் ஏற்றுகிறவர் அதைக் கவனிக்காமல் ஃபிளாஷ் தட்டினால், "இந்த மியுஐ பதிப்பை இந்தக் கருவியில் நிறுவ முடியாது" என்ற பொருளில் ஆங்கில வரி வந்து ரெக்கவரியில் நிற்கும். "கிளீன் ஆல்" மட்டும் தேர்ந்தெடுங்கள். லாக் செய்தே ஆக வேண்டும் என்றால் அந்தப் பிரதேசத்துக்கே உரிய ஒரிஜினல் ஃபர்ம்வேரை முழுதாக ஏற்றி, ஒருமுறை ஹோம் ஸ்கிரீன் வரை போய், ஓஇஎம் அன்லாக் ஆனில் இருப்பதைப் பார்த்துவிட்டு லாக் செய்யுங்கள்.

பழைய பதிப்புக்கு இறங்குவதும் இதே ரகம். 2018இல் ரெட்மி நோட் 5 ப்ரோவில் ஆன்டி ரோல்பேக் (பழைய பதிப்புக்கு இறங்குவதைத் தடுக்கும் பூட்டு) வந்தபோது பழைய மியுஐயை ஏற்றப் போய்ப் பல போன்கள் அப்படியே கறுத்தன. பிக்சல் 6 வரிசையில் 2022இன் ஆண்ட்ராய்டு 13 ஏறிய பிறகு 12க்குத் திரும்ப முடியாமல் பூட்லோடரே தடுத்தது. இறக்கும் முன் "ஃபாஸ்ட்பூட் கெட்வார் ஆன்டி" கொடுத்து வரும் எண்ணைப் பாருங்கள் (ஷாவ்மியில்). ஏற்றப்போகும் ஃபர்ம்வேரின் எண் அதைவிடக் குறைவாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

ஐஎம்இஐ

மீடியாடெக் சிப் உள்ள போனை எஸ்பி ஃபிளாஷ் டூலில் தூக்குகிறவர்களுக்கு ஒரே எச்சரிக்கை: "ஃபார்மட் ஆல் பிளஸ் டவுன்லோட்" வேண்டவே வேண்டாம், "டவுன்லோட் ஒன்லி" போதும். முதலாவது என்வி ராம் பகுதியையும் துடைத்துவிடும், போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐ அதில்தான் இருக்கிறது. சிம் போட்டும் நெட்வொர்க் வராது. என்வி ராம், பெர்சிஸ்ட், இஎஃப்எஸ் பார்ட்டிஷன்களை ரூட் கிடைத்த முதல் நாளே கம்ப்யூட்டருக்கு எடுத்து வையுங்கள். போய்விட்டதென்று வேறு நம்பரை எழுதித் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள். ஐஎம்இஐயை மாற்றுவது இந்தியாவில் குற்றம், 2023ஆம் ஆண்டு தொலைத்தொடர்புச் சட்டப்படி 3 ஆண்டு வரை சிறையோ 50 லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு.

யுபிஐ உள்ள ஒரே போன்

பூட்லோடர் திறந்திருப்பதை கூகுளின் பிளே இன்டெக்ரிட்டி என்ற சோதனை கண்டுபிடிக்கும். பல வங்கி ஆப்கள் அதைப் பார்த்துத் திறக்க மறுக்கும். மறைக்கும் மாட்யூல்கள் உண்டு, ஆனால் அது இன்று ஓடி நாளை நிற்கும் சங்கதி. வீட்டில் இருக்கும் ஒரே போனில், அதிலும் கடை வரவு வரும் போனில், இதைச் செய்யாதீர்கள். டிராயரில் தூங்கும் பழைய போன் போதும். வைட்வைன் (ஓடிடி படங்களின் காப்புப் பூட்டு) எல்1 போய் எல்3 ஆகிற போன்களில் ஓடிடி படங்கள் மங்கலாகத்தான் ஓடும், அதையும் தெரிந்துகொண்டு இறங்குங்கள். அழிந்த போனில் யுபிஐ மீண்டும் பதியும்போது சிம்மிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் போக வேண்டும், ரீசார்ஜ் முடிந்த சிம் என்றால் அங்கேயே நிற்கும்.

ரூட்டோடு இருக்கும் போனில் அப்டேட் அறிவிப்பு வந்தால் கண்ணை மூடிக்கொண்டு ரீஸ்டார்ட் தட்டக் கூடாது. ஏ, பி என இரண்டு ஸ்லாட் (சிஸ்டத்துக்கான இரண்டு இடம்) உள்ள போனில் முறை இது: மேஜிஸ்க்கில் அன்இன்ஸ்டால் போய் "ரெஸ்டோர் இமேஜஸ்" மட்டும் கொடுங்கள், ரீஸ்டார்ட் வேண்டாம். அப்டேட் இறங்கி நிறுவப்படட்டும், அது கேட்கும் ரீஸ்டார்ட்டையும் தட்டாதீர்கள். மேஜிஸ்க்குக்குத் திரும்பி "இன்ஸ்டால் டு இன்ஆக்டிவ் ஸ்லாட்" கொடுத்து, அங்கே வரும் ரீபூட் பட்டனைத்தான் அழுத்த வேண்டும்.