காய்ச்சல் விட்ட பிறகும் நீடிக்கும் இருமலையும் சோர்வையும் கவனிப்பது எப்படி?

கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் விடியற்காலையில் ஜீப்பேறி இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குச் செல்வோரில் சிலர், கொரோனாவுக்குப் பிறகு சாதாரணச் சளிக்காய்ச்சல்கூட முன்போல் எளிதில் விலகுவதில்லை என்கிறார்கள். அதை மனப்பிரமை என்று தள்ளிவிடக் கூடாது.

முதலில், காய்ச்சல் தொடங்கிய தேதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். வைரஸ் காய்ச்சலுக்குப் பின் வறட்டிருமல் 3 முதல் 8 வாரம் வரை நீடிக்கலாம் என்றாலும், 2 வாரத்தைத் தாண்டினாலே அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசநோய்க்கான சளிப் பரிசோதனையை இலவசமாகச் செய்துகொள்ளுங்கள். சளியில் ரத்தமோ மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ இருந்தால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். வைரஸை ஆன்டிபயாட்டிக் கொல்லாது. மருந்துக்கடையில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள்.

சோர்வுதான் கடினமானது. வேலை செய்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ உடம்பு அடித்துப்போட்டது போலாகிவிட்டால், வேலையைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, களைப்பு வருமுன்பே உட்கார்ந்துவிட வேண்டும். வீம்பாக உழைப்பது இந்நிலையில் கெடுதலையே செய்யும். நாள்கூலி வாங்குவோருக்கு இது எளிதல்ல என்பதை அறிவேன். ஆகவே கங்காணியிடம் நிலைமையைச் சொல்லி, மூட்டை தூக்குவதற்குப் பதிலாகக் காய் தரம்பிரிக்கும் வேலையைச் சில வாரங்களுக்குக் கேட்டுப் பாருங்கள்.

கொரோனா தொற்றி 3 மாதம் கழிந்தும் தொல்லைகள் தொடர்ந்தால், மருத்துவரிடம் அந்தத் தேதியைத் தவறாமல் சொல்லுங்கள். வேறு காரணமின்றி குறைந்தது 2 மாதம் நீடிக்கும் இத்தகைய தொல்லைகளை உலக சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரிலேயே தனி நோய்நிலையாக வரையறுத்திருக்கிறது.